வலது தோள் அரை இஞ்ச் இறக்கம்

துவைக்க எடுத்த சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு மனைவி வந்து நின்றபோது, மாஸ்டர் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு, மரத்தில் உரசும் கரடியைப்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க முதுகுல யாரு கோடு போட்டது?"

காலருக்கு நேர் கீழே தொடங்கி இடுப்பு வரைக்கும் ஒரு நீலக் கோடு. டெய்லர் சட்டையில் சாக்பீஸ் தூள் இருப்பது அதிசயமில்லை. முப்பது வருஷமாக அவள் அதைத்தான் கசக்கிப் பிழிகிறாள். ஆனால் தூள் என்றால் அங்கங்கே அப்பியிருக்கும், ஈஷியிருக்கும். இது ஸ்கேல் வைத்து, கை நடுங்காமல், ஒரே இழுப்பில் இழுத்த கோடு.

"மத்தியானம் கட்டிங் டேபிள்ல படுத்தேன். அதுல ஒட்டியிருக்கும்."

"ஒட்டினா இவ்வளவு நேராவா ஒட்டும்?"

"என் டேபிள்ல தூசிகூட நேராத்தான் விழும்."

"ஆமாமா. வீட்டு வாசல்ல செருப்பு மட்டும்தான் கோணலா விழும்" என்றபடி அவள் சட்டையை வாளியில் அமுக்கினாள். மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். சிரித்தால் இடுப்பில் பிடித்துக்கொள்ளும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆறு மாதமாக அவருடைய சிரிப்பு, தும்மல், கோபம் எல்லாமே பாதிதான்.

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் கிடையாது, மாஸ்டர்தான். கோட்டு தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊர் சொன்னது. ஊர் சொல்வதற்கு முன்பே அவரும் அதைச் சொல்லி வைத்திருந்தார். பெரிய மனிதர்களின் முகத்தைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். மாஸ்டருக்கு அவர்களுடைய முதுகு மனப்பாடம். மேடையில் சிங்கம்போல நிற்பவருக்கு வலது பக்கம் ஒரு கூன். சட்டம் பேசுகிறவருக்கு ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. இறங்கிய தோளில் பஞ்சு வைத்து நிமிர்த்திவிடுவார் மாஸ்டர். அந்தப் பஞ்சுக்குத்தான் ஊரில் கம்பீரம் என்று பெயர்.

அப்படி ஊரையே நிமிர்த்தியவருக்குத்தான் இப்போது செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்காட்சியில் ஓவியம் பார்ப்பவரைப்போல ஒரு கண்ணைச் சுருக்கி, "எல் ஃபோர், எல் ஃபைவ்" என்றார். சட்டை சைஸில் எல் தெரியும், டபுள் எக்ஸெல் தெரியும். முதுகெலும்புக்கும் எல் உண்டு என்பது மாஸ்டருக்குப் புதிது.

"இனிமே குனியாதீங்க."

"கட்டிங் மாஸ்டர் சார் நான். குனியாம எப்படி?"

"அப்ப கம்மியாக் குனியுங்க" என்றார் டாக்டர், பெரிய சலுகை தந்தவர்போல. "கெட்டியான பலகையில குப்புறப் படுங்க. மெத்தை ஆகாது."

தைலம், பெல்ட், வெந்நீர்ப் பை, தலையணையை முட்டிக்குக் கீழே, முட்டியைத் தலையணைக்குக் கீழே என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தார். வலி கேட்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது, நடந்தால் சாயத் தோன்றியது, சாய்ந்தால் கத்தத் தோன்றியது. வீட்டுக்குள் அறை அறையாக, விட்ட இடம் தெரியாமல் எதையோ தேடுகிறவர்போல அலைந்தார். ஒரே இடத்தில் ஐந்து நிமிஷம் சும்மா இருப்பது என்பதுதான் உலகத்திலேயே பெரிய சொத்து என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அந்தச் சொத்து கடையில் இருந்தது. ஆறடிக்கு நாலடி, தேக்குப் பலகை, அவருடைய கட்டிங் டேபிள். கெட்டியான பலகை என்றால் அதைவிட வேறு எது? மத்தியானம் இரண்டு மணிக்கு, மெஷினில் தைக்கும் மச்சினன் சாப்பிடக் கிளம்பியதும், ஷட்டரை ஒரு சாண் மட்டும் விட்டு இறக்குவார். ஃபேனை நிறுத்துவார். மேஜைமேல் ஏறுவதற்கே மூன்று நிமிஷம் ஆகும். குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்தால், புதுத் துணியின் கஞ்சி வாசனையும், மெஷின் எண்ணெயும், இஸ்திரிப்பெட்டி காலையில் விட்டுப்போன ஈரச் சூட்டு வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். தெருச் சத்தம் ஷட்டருக்கு அடியில் ஊர்ந்து வந்து பாதியிலேயே படுத்துவிடும். பத்தாவது நிமிஷம் வலி குறையும். குறைவது என்றால் மாத்திரையில் மழுங்குவது மாதிரி அல்ல. யாரோ இடுப்பில் செருகியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போடுவது மாதிரி.

கோடு விழ ஆரம்பித்ததும் அங்கேதான்.

முதல் நாள் ஒன்று. மூன்றாம் நாள் குறுக்கே இன்னொன்று, தோளிலிருந்து தோளுக்கு. மச்சினன்மேல்தான் சந்தேகம் வந்தது.

"ஏன்டா, நான் தூங்கும்போது வந்து விளையாடுறியா?"

"அத்தான், நான் சாப்பிடப் போனா சாப்பாட்டோட விளையாடுவேன். உங்க முதுகுல எனக்கென்ன வேலை?"

அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அவனுடைய கோடு எதுவும் ஒரு சாண் தூரம்கூட நேராகப் போனதில்லை. இந்தக் கோட்டைப் போட்டவன் தொழில் தெரிந்தவன்.

அன்றிலிருந்து சட்டையை மாஸ்டரே துவைத்தார். "முப்பது வருஷம் கழிச்சு ஞானம் பொறந்திருக்கு. யாருக்காக இந்த வேஷம்?" என்று மனைவி கேலி செய்தாள். அவர் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். கோடு விழுவதைச் சொன்னால், அந்த மேஜைப் பக்கமே போகாதே என்பாள். போகாமல் இருக்க அவரால் முடியாது. அரை மணி நேரம். ஒரு நாளைக்கு அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மீதி நேரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

கடையில், போட்டுப் பார்க்கும் அறையில், எதிரும் புதிருமாக இரண்டு ஆளுயரக் கண்ணாடிகள். பின்பக்கம் எப்படி விழுகிறது என்று பார்க்க ஆசைப்படும் பெரிய மனிதர்களுக்காக வைத்தது. அதில்தான் ஒரு நாள், சட்டையைக் கழற்றிவிட்டு, மாஸ்டர் தன் முதுகைப் பார்த்தார்.

கோடுகள் சட்டையில் மட்டும் இல்லை. தோலிலும் இருந்தன. எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்தார். தோல்தான் சிவந்தது.

பயம் வரத்தான் வந்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு இன்னொன்று வந்துவிட்டது. தோள் கோடு தட்டையாக இருந்தது. மாஸ்டருக்கு வலது தோள் அரை இஞ்ச் இறக்கம். முப்பது வருஷம் கத்தரி பிடித்த பக்கம். முதல் வருஷம் தொழில் பழகுகிறவன்கூட அதைப் பார்த்துவிடுவான். இவ்வளவு சுத்தமாகக் கோடு போடத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லையா? அந்த அளவில் வெட்டினால் வலது பக்கம் சுருங்கித் தொங்கும். யார் முதுகு, யார் போட்ட கோடு என்பதெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, வேலை தப்பு என்பதுதான் அவரை அன்று முழுக்க அரித்தது.

மறுநாள் மத்தியானம் மேஜையில் படுத்தார். ஷட்டர் அடியில் ஒரு சாண் வெளிச்சம். கண்ணை மூடிக்கொண்டு, கற்றுக்குட்டிகளிடம் பேசும் குரலில், காலி அறையைப் பார்த்துச் சொன்னார்:

"வலது தோள் அரை இஞ்ச் இறக்கம். பாத்துப் போடு."

சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பு.

அப்போது அறையில் ஒரு சத்தம் நின்றது. அதுவரை ஒரு சத்தம் இருந்தது என்பதே, அது நின்ற பிறகுதான் தெரிந்தது. துணியின்மேல் சாக்பீஸ் நகரும் ஸ்ர்ர் என்ற மெல்லிய உரசல். தன் பெயரைவிட அதிக தடவை அவர் காதில் விழுந்த சத்தம். இத்தனை நாளும் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருக்கிறார்.

வலது தோளில் ஏதோ வைக்கப்பட்டது. சில்லென்று, மெல்லிசாக. இஞ்சு டேப்பின் பித்தளை முனை. அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது; யோசிப்பது மாதிரி. பிறகு எடுபட்டது. அரை இஞ்ச் கீழே, மறுபடி வைக்கப்பட்டது.

திரும்பிப் பார்க்க வேண்டும். ஆனால் குப்புறப் படுத்திருக்கும் மனிதன் திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்க வேண்டும். எல் ஃபோரும் எல் ஃபைவும் அதற்குச் சம்மதிக்காது. வாயால் மூச்சு விட்டபடி, கன்னத்தைப் பலகையோடு அழுத்திக்கொண்டு, அசையாமல் கிடந்தார். அப்படிக் கிடந்தபோதுதான் வலி போயிற்று. கடைசிக் குண்டூசி வரை. ஆறு மாதமாக இல்லாத ஒரு வெறுமை, ஒரு லேசு, தன் முதுகே தன்னுடையது இல்லை என்பதுபோல.

இரண்டரை மணிக்கு எழுந்து நிமிர்ந்து நடந்தார். கோட்டு போட்டுப் பார்க்க வந்திருந்த ரிட்டயர்டு அதிகாரி, "என்ன மாஸ்டர், வயசு குறைஞ்சிருச்சு போல! நடையிலயே ஒரு தோரணை தெரியுதே" என்றார். பிறரைப் புகழும்போதும் தன் நெஞ்சைத்தான் நிமிர்த்துவார் அவர். மாஸ்டர் சிரித்தார். முழுச் சிரிப்பு. வலிக்கவில்லை.

அதிகாரி போனதும் கண்ணாடி அறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினார்.

தோள் கோடு திருத்தப்பட்டிருந்தது. சரியாக அரை இஞ்ச். அதுமட்டுமல்ல. நேற்று வரை அரைகுறையாக இருந்தது இன்று முழுசாக இருந்தது. அளவு சரியாவதற்குக் காத்திருந்தவன்போல, சொல்லக் கேட்டதும் மீதியையும் போட்டு முடித்திருந்தான். கை வளைவு, பக்கக் கோடு, எல்லாம். கழுத்துக்கு வெட்டும் வளைவு மேலே இல்லை, இடுப்பில் இருந்தது. அளவைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார் மாஸ்டர். இந்த அளவுக்கு ஓர் ஆளைக் கண்ணுக்குள் நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. நின்றது, ஆனால் அதற்கு ஆள் என்று பெயர் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் பார்த்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே, அரை இஞ்ச் தள்ளி, இன்னொரு கோடு. உள்கோடு தைக்க. வெளிக்கோடு வெட்ட.

சட்டையை அவசரமாக மாட்டினார். பட்டன் மாறி மாட்டிவிட்டது.

அன்றோடு மேஜையை விட்டார்.

வலி அன்றிரவே திரும்பியது. போன இடத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்ததுபோல, மூன்று மடங்காக. படுத்தார், எழுந்தார், சுவரில் சாய்ந்தார், தரையில் முட்டி போட்டுக் கட்டிலில் நெற்றியை வைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் கடைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் குளியலறையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல், மனைவி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கும்போது அவள் இடுப்பில் ஏதோ 'மளக்' என்றது அவருக்கே கேட்டது.

"அம்மா!" என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்ல. உங்க கூட இருந்து எனக்கும் வந்துடுச்சு. சேந்தே கரடி மாதிரி தேய்ப்போம்." சிரித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "ஏங்க, அந்த டேபிள்ல படுத்தா நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே, ஏன் போறதில்ல?"

சொல்ல இதுதான் நேரம். வாய் வரை வந்தது. என்னவென்று சொல்வது? முதுகைக் காட்ட வேண்டும். காட்டினால் இத்தனை நாள் மறைத்ததும் தெரியும். சுகத்துக்காக மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். 

"அது வேணாம்" என்றார். "பலகை சரியில்ல."

நாலாம் நாள் மத்தியானம், அங்கிருந்தே கடைக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டு அவர் எலும்பு டாக்டரிடம் போயிருந்தார். டாக்டர் அதே படத்தை மறுபடி பார்த்து அதே எல் ஃபோர், எல் ஃபைவைச் சொல்லி அனுப்பினார். திரும்பும்போது கடைத்தெரு முனையில் டீக்கடை வாசலில் மச்சினன் நின்றிருந்தான். கையில் கிளாஸ்.

"கடையில யாருடா?"

"அக்காதான். உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தாங்க. நீங்க வர நேரமாகும்னேன். நிக்கவே முடியல அத்தான் அவங்களால, மூஞ்செல்லாம் வேர்த்துப் போச்சு. நான்தான் சொன்னேன், அத்தான் படுக்கிற இடத்துல கொஞ்ச நேரம் படுங்கக்கான்னு. ஷட்டரை இறக்கிட்டு வந்தேன், வெளிச்சம் கண்ணுல படாம..."

மீதியை அவர் கேட்கவில்லை.

கடை எட்டாவது கடை. எட்டுக் கடைத் தூரம். முதல் இரண்டை ஓடினார். மூன்றாவதில் இடுப்பில் கத்தி இறங்கியது. நாலாவதிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போனார், ஒரு காலை இழுத்தபடி. யாரோ "என்ன மாஸ்டர்?" என்றார்கள். வெயில். வியர்வை கண்ணில். பின்னாலிருந்து மச்சினன் கூப்பிடும் குரல், தூரத்தில், வேறு ஊரில் கேட்பது மாதிரி.

ஷட்டருக்கு அடியில் ஒரு சாண். தூக்கக் குனிந்தார். முதுகு பூட்டிக்கொண்டது. தூக்க வரவில்லை. தரையில் விழுந்து, புரண்டு, ஒரு சாணுக்குள் உடம்பை நுழைத்தார்.

உள்ளே இருட்டு. கஞ்சி வாசனை. எண்ணெய். ஈரச் சூடு.

ஸ்ர்ர்.

மேஜைக் காலைப் பிடித்து முட்டி போட்டு எழுந்தார். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்சம் நேரமானது.

அவள் குப்புறப் படுத்திருந்தாள். முகம் அந்தப் பக்கம். அவள் முதுகின்மேல் ஒரு நீலக் கோடு, கழுத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. போடும் கை இல்லை. கோடு மட்டும் நீண்டது. நிதானமாக. நேராக.

"வந்துட்டீங்களா?" என்றாள் தூக்கக் குரலில். "இன்னும் கொஞ்சம் கீழ. ஆ. அங்கதான்."

கோடு கொஞ்சம் கீழே போனது.

"எழுந்திரு" என்றார். குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது இப்படிப் பிடிச்சு விட்டிருக்கீங்களா? எவ்வளவு இதமா இருக்கு. இடது பக்கம்தான் ரொம்ப. அந்தத் தோள் கொஞ்சம் தூக்கலா இருக்கும் எனக்கு, பாத்துக்கோங்க."

சத்தம் நின்றது.

யோசித்தது.

இடது பக்கம் கால் இஞ்ச் ஏறியது. பிறகு மளமளவென்று, சொல்லக் காத்திருந்ததுபோல, மீதிக் கோடுகள் எல்லாம். வளைவு. பக்கம். வெளியே அரை இஞ்ச் தள்ளி இன்னொன்று.

மாஸ்டர் மேஜையைப் பற்றி எழுந்து நின்றார். அவளைத் தூக்கிவிட வேண்டும். இரண்டு கையாலும் தோளைப் பிடித்து இழுத்துக் கீழே போட வேண்டும். கை நீட்டினார்.

மேஜையின் அந்த ஓரத்தில், இரும்பின்மேல் இரும்பு நழுவித் திறக்கும் சத்தம். நீளமாக. பன்னிரண்டு இஞ்ச் கத்தரி. அதன் அடி அலகு பலகையோடு பலகையாக உரசி உள்ளே வந்தது. அவள் இடுப்புக்கு அருகில் சேலை மெல்ல மேடிட்டது. முனை உள்ளே போயிருந்தது.

"என்னமோ சில்லுனு இருக்கே?" என்றாள்.

இப்போது இழுத்தால். கத்தரி உள்ளே இருக்கும்போது நகர்ந்தால். எங்கே போகும், எவ்வளவு போகும், கோட்டை விட்டு எந்தப் பக்கம் கிழியும். அவருக்குத் தெரியும். அந்த ஊரில் அவர் அளவுக்கு அது தெரிந்தவர் வேறு யாருமில்லை.

அவர் கைகள் அவள் தோள்களில் இறங்கின. உள்ளங்கை விரிந்து, விரல்கள் அகன்று, சுருக்கம் இல்லாமல் நீவி, பலகையோடு பலகையாக அழுத்திப் பிடித்தன. அப்போதுதான் கவனித்தார். அவருடைய முதுகில் வலி இல்லை. துளிகூட இல்லை.

"அசையாதம்மா" என்றார்.

"ம்" என்றாள் அவள்.

கத்தரி மூடியது.